கறை என்று எழுதச் சொன்னார்கள்

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "ஆன்ட்டி, கண்டிஷன் ரிப்போர்ட்டுக்கு நீங்க என்ன டெம்ப்ளேட் யூஸ் பண்ணினீங்க? ஷேர் பண்ண முடியுமா?" உடனே ஐந்தாறு பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் அருங்காட்சியகங்களிலும் பல்கலைக்கழக நூலகங்களிலும் பழைய புகைப்படங்களோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்கும் தமிழர்கள் மொத்தமே ஒரு கைப்பிடிதான். நாம் என்ன வேலை பார்க்கிறோம் என்று நம் வீட்டில் இருப்பவர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அப்படியிருக்க, உங்களில் ஒருவர் கேட்டு இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் என்னிடம் டெம்ப்ளேட் இல்லை, கண்ணுகளா. ஒரு படம் என்ன நிலையில் இருக்கிறது என்று குறிக்கிற அந்தப் படிவத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். 'கறை', 'கிழிசல்', 'கீறல்', 'பூஞ்சை' என்று போட்டு, டிக் அடித்தால் போதும் என்றிருக்கும். அந்தக் கட்டங்களின் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் ரிப்போர்ட்டை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் இந்த வேலைக்கு வந்ததே ஒரு விபத்து. ஈரோட்டில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, டெக்சஸ் ரிச்சர்ட்சனில் டெலிகாம் வேலை பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்தேன். டிபென்டன்ட் விசா. வேலை பார்க்கக் கூடாது. அப்பார்ட்மென்ட் ஜன்னலில் பார்க்கிங் லாட்டைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்காத குறை. சம்பளமில்லாமல் வாலன்டியராகப் போகலாம் என்று யாரோ சொல்ல, ஓர் அருங்காட்சியகத்தில் புகைப்படப் பிரிவில் தூசி துடைக்கச் சேர்ந்தேன். அங்கிருந்த அம்மாள்தான் என் குரு. அவர் பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் சொல்லவில்லை. சிரிக்கவே மாட்டார். தினமும் மத்தியானம் பீனட் பட்டர் சாண்ட்விச் ஒன்றுதான் சாப்பாடு. நான் கொண்டுபோகும் எலுமிச்சைச் சாதத்தை ஓரக்கண்ணால் பார்ப்பாரே தவிர, ஒரு வாய் கேட்டதில்லை.

முதல் சில மாதங்கள் அவர் என்னை எதையும் தொடவே விடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு பழைய படத்தை மேஜையில் வைத்து, "என்ன தெரிகிறது, சொல்" என்பார். நான் "ஒரு கறை" என்பேன். "அது பெயர். உன்னைப் பெயர் வைக்கச் சொல்லவில்லை. என்ன நிறம், எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, ஓரம் எப்படி இருக்கிறது, அதைச் சொல்" என்பார். கறை, கீறல், அழுக்கு என்ற வார்த்தைகளே அவர் முன்னால் வாயில் வரக் கூடாது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். வீட்டுக்கு வந்து என் கணவரிடம், "அந்தம்மாவுக்குக் கொஞ்சம் மறை கழண்டிருக்கு" என்று சொல்லியிருக்கிறேன். எப்படியோ அந்தப் பழக்கம் என் உடம்பில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்றைக்கும் மருமகள் புதுச்சேலையைக் காட்டினால் கை தானாகப் பின்னால் போய்விடுகிறது.

இனி ஷபானா என்ற பெண்ணின் கதைக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், டாலஸ் பக்கம் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்தது. எகிப்தின் பழைய கோவில் இடிபாடுகளை முதன்முதலில் கேமராவில் பிடித்தவர்களின் படங்கள். கேமரா என்ற ஒன்று வந்து கொஞ்ச காலத்திலேயே, ஐரோப்பாவிலிருந்து சிலர் பெட்டி பெட்டியாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு நைல் நதியில் படகில் போய் எடுத்தவை. மணலில் கழுத்தளவு புதைந்து நிற்கும் தூண்கள், பாதி சரிந்த வாசல்கள். அப்போது ஃபிலிம் கிடையாது. மெல்லிய காகிதத்தில் மெழுகு ஏற்றி, அதையே நெகட்டிவாகப் பயன்படுத்துவார்கள். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் அதில் பதிந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒளி ஊடுருவி வரும்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு புரியாது. அந்தக் காலத்து நெகட்டிவில் வானம் ஒழுங்காக விழாது, திட்டுத்திட்டாக வரும். அதனால் படம் எடுத்தவர்கள் நெகட்டிவில் வானம் இருக்கும் இடத்தை மட்டும் பிரஷ்ஷால் கறுப்பு மை பூசி அடைத்துவிடுவார்கள். பிரிண்ட் போட்டால் வானம் துடைத்துவிட்ட மாதிரி வெள்ளையாக வரும். ஆக, எங்கள் கைக்கு வரும் நெகட்டிவ்களில் மேல் பாதி முழுக்கக் கெட்டியான மை இருக்கும்.

அப்படி ஒரு நெகட்டிவ் நியூ ஜெர்சியில் ஒரு வயதான அம்மாளிடம் இருந்தது. அவர் கணவரின் குடும்பத்துச் சொத்து. எங்களுக்கு இரவல் தர ஒத்துக்கொண்டார். அதைச் சுற்றி ஒரு பழைய அட்டைச் சட்டம் இருந்தது. அந்த அட்டை படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் மறைத்தது. பின்னாலிருந்து மெல்லிய வெளிச்சம் கொடுத்துக் காட்ட வேண்டும் என்பதால், அட்டையை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் போட அவரிடமே அனுமதி வாங்கியிருந்தோம். அந்த வேலை ஷபானாவுடையது, படத்தின் நிலையைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என்னுடையது.

ஷபானா கீழக்கரைப் பெண். எங்கள் பிரிவில் பழைய படங்களைக் கையாள்வதும், அவற்றை டிஜிட்டலாக மாற்றுவதும் அவள் பொறுப்பு. ஹெச்1பி வேலை விசா அவள் பெயரில்தான். கிரீன் கார்டுக்கு அப்போதுதான் அப்ளை பண்ணியிருந்தார்கள். அவள் கணவர் பக்கத்து ஊரான பிளானோவில் வேலை பார்த்த கம்பெனி ஆட்குறைப்பு செய்ததில், அவர் டிபென்டன்ட்டாக மாறி வீட்டில் இருந்தார். ஒரு பெண் குழந்தை, டேகேர் போகிற வயசு. அந்தக் குடும்பம் இந்த நாட்டில் இருப்பதே ஷபானாவின் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு காலத்தில் பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அதனால் அவள் வீட்டு நிலைமை எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாள் காலை டோல்வேயில் காரில் போய்க்கொண்டிருக்கும்போது எங்கள் மேனேஜர் போன் பண்ணினார். அவர் அமெரிக்கர், நல்ல மனுஷி. "சீக்கிரம் வாருங்கள், நியூ ஜெர்சி நெகட்டிவில் சேதம்" என்றார். உங்களுக்குத் தெரியும், இரவல் பொருளில் சேதம் என்பது நம் தொழிலில் வீட்டுக்கு வந்த விருந்தாளி குழந்தைக்கு அடிபட்ட மாதிரி.

போய்ச் சேர்ந்ததும் மேனேஜர் விஷயத்தைச் சொன்னார். முந்தின நாள் ஷபானா அட்டையை எடுத்திருக்கிறாள். அன்று காலையில் இன்னொருவர் வந்து பார்த்தபோது, அட்டை மறைத்திருந்த இடது ஓரத்தில், வானத்து மையிலிருந்து கீழ்நோக்கி ஒரு கறுப்புத் தாரை வடிந்திருக்கிறது. ஈரம் பட்டு மை ஓடிவிட்டது என்று பார்த்தவர்கள் எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். ஈரம் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒருவர் பதில் வைத்திருந்தார். ஷபானா மத்தியானத் தொழுகைக்கு முன் வாஷ்ரூமில் கை, முகம், கால் கழுவுவாள். முந்தின நாள் அவள் திரும்பி வந்தபோது சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்ததாம்.

"அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள்" என்றார் மேனேஜர். "காலையிலேயே ஹெச்ஆருக்கு மெயில் எழுதிவிட்டாள். எனக்கு ரொம்ப வருத்தம். இனி அவளை இந்த வேலையில் வைக்க ஹெச்ஆர் சம்மதிக்காது. இன்ஷூரன்ஸ் ஆள் இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கூப்பிடுகிறார். நீங்கள் பார்த்து, 'கையாளும்போது ஈரத்தால் ஏற்பட்ட கறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், விபத்து என்று முடித்துவிடலாம். அவள் பேரை ரொம்ப இழுக்காமல் பார்த்துக்கொள்கிறேன்."

அவர் அதை நிஜமான கரிசனத்தோடுதான் சொன்னார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எல்லாரும் இவ்வளவு அன்பாக நடந்துகொள்ளும்போது குறுக்கே நின்று கேள்வி கேட்பது கஷ்டம். ஆனாலும் நான் "முதலில் ஷபானாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றேன்.

அவள் பார்க்கிங் லாட்டில் காருக்குள் இருந்தாள். டெக்சஸ் வெயிலுக்கு ஏசியை ஓடவிட்டு, ஸ்டீரிங்கில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"நானாத்தான் இருக்கும் ஆன்ட்டி" என்றாள்.

"இருக்கும்னா என்ன அர்த்தம்? தண்ணி விழுந்ததப் பாத்தியா?"

"பாக்கல. ஆனா வேற யாரு? அட்டைய ரிமூவ் பண்ணது நான்தான். அப்ப அங்க அந்தக் கோடு இருந்துச்சா இல்லையான்னே நான் நோட் பண்ணல. சென்டரையே செக் பண்ணிட்டு இருந்தேன். ஒளு எடுத்துட்டு வந்தப்ப ஸ்லீவ் ஈரமாத்தான் இருந்துச்சு. க்ளவ்ஸ் போட்டேன், அது ஷ்யூர். லேப் கோட் மறுபடி போட்டேனான்னு மட்டும் எவ்ளோ ட்ரை பண்ணாலும் ஞாபகம் வரல."

"ஞாபகம் வரலன்னா ஞாபகம் வரலன்னு எழுதணும். நான்தான் பண்ணேன்னு எதுக்கு எழுதின?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "தொழுதுட்டு வந்து எப்படி ஆன்ட்டி நான் இல்லன்னு சொல்றது? ஒரு பர்சன்ட் சான்ஸ் இருந்தாலும் நான் இல்லன்னு சொன்னா அது பொய்தானே?"

எனக்கு அவளை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

"வீட்ல சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. எப்படிச் சொல்றது? வேல போச்சுன்னா எங்களுக்கு டைமே கொஞ்சம்தான், அதுக்குள்ள ஊருக்குக் கிளம்பணும். வாப்பா வேற, ஏன் நீ ஆபீஸ்ல தொழுதேன்னு கேட்டுருவாங்களோன்னு பயமா இருக்கு. மத்தியானம் லுஹர் எப்படித் தொழப் போறேன்னே தெரியல. வாஷ்ரூம் பக்கம் போகவே கூச்சமா இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் காரை விட்டு இறங்க வைத்தது. ஒரு பெண் கை கால் கழுவியதற்குக் கூச்சப்படுகிற நிலைமையை ஒரு காகிதத் துண்டு உண்டாக்கிவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நேரே மேனேஜரிடம் போய், "சாயங்காலம் வரைக்கும் அந்த அறைக்குள் யாரும் வரக் கூடாது. நானாகக் கூப்பிடுகிறவரை கையெழுத்தைப் பற்றிப் பேசாதீர்கள்" என்றேன்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நெகட்டிவ் மேஜையில் கிடந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நிஜத்தைச் சொல்கிறேன், முதல் பார்வைக்கு எனக்கும் அது மை வடிந்த மாதிரிதான் தெரிந்தது. மேலே கறுப்பு வானம், அதன் இடது கோடியிலிருந்து கீழே ஒரு கறுப்புத் தாரை. பார்த்ததுமே மனசு 'கறை' என்று சொல்லிவிட்டது. அப்படிச் சொன்னதும் கண் ஓய்ந்துவிட்டது, இனிமேல் பார்க்க ஒன்றுமில்லை என்பது போல. அந்த இடத்தில் எனக்கு பீனட் பட்டர் அம்மாள் ஞாபகம் வந்தார். சரி என்று ஆரம்பித்தேன். அறையில் ஒருத்தருமில்லை, வாய்விட்டே தமிழில் சொன்னேன். என்ன நிறம்? பழுப்பு கலந்த கறுப்பு. எங்கே ஆரம்பிக்கிறது? மை முடிகிற இடத்தில். எங்கே முடிகிறது? கீழே, உடைந்து விழுந்த ஒரு கல்லின் மேல். ஓரம் எப்படி?

ஓரத்தைச் சொல்ல வந்தபோதுதான் நாக்கு நின்றது. டீ கிளாஸ் வைத்த மேஜையைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் காய்ந்தால் சுற்றிலும் அழுத்தமாக ஒரு கோடு விட்டுவிட்டுத்தான் போகும். காகிதத்திலும் அப்படித்தான். இதில் கோடே இல்லை. ஓரம் புகை மாதிரி மெல்ல மெல்லக் கரைந்திருந்தது. டார்ச்சை எடுத்துப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தேன். வானத்து மை பளபளத்தது, பிரஷ் போன தடம்கூடத் தெரிந்தது. அந்தத் தாரையில் பளபளப்பு துளிகூட இல்லை. அது காகிதத்தின் மேல் இல்லை, காகிதத்துக்குள்ளேயே இருந்தது. இன்னொன்று, வடிகிற சொட்டு கீழே ஒரே முனையாகத்தான் முடியும். இது இரண்டு சின்னப் புள்ளிகளாக, பக்கத்தில் பக்கத்தில், கூர்மையாக முடிந்திருந்தது.

இது தண்ணீர் இல்லை என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. ஆனால் மேனேஜர் 'பின்னே என்ன?' என்று கேட்பார். ஹெச்ஆரிடம் ஒப்புதல் மெயில் இருக்கிறது. 'எனக்குத் தோன்றுகிறது' என்பது அதன் முன்னால் நிற்காது. நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. நான் போனில் அந்த ஓரத்தை நெருக்கமாக ஒரு படம் எடுத்து ஷபானாவுக்கு அனுப்பிவிட்டு, அவளைக் கூப்பிட்டேன்.

"என் கண்ணுக்கு ஒண்ணும் பிடிபடல. நீ இதப் பாரு."

"ஆன்ட்டி, ப்ளீஸ். நான் அத இனிமே பாக்கவே விரும்பல."

"பாக்க வேண்டாம். தினமும் ஒரு நெகட்டிவ் வந்தா கம்ப்யூட்டர்ல மொத வேலையா என்ன பண்ணுவ? அத மட்டும் பண்ணு."

போனில் பெருமூச்சு கேட்டது. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் ஆபீஸுக்குள் வந்து தன் சீட்டில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டும் சத்தம். நெகட்டிவ் வந்தால் முதல் வேலை என்ன? கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றுவது. அவள் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை யோசிக்காமல் செய்கிற காரியம். அன்றைக்குக் காலையிலிருந்து அந்த ஓரத்தைப் பத்துப் பேர் படம் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, மெயிலில் சுற்றவிட்டிருந்தார்கள். எல்லாரும் இதே தொழிலில் ஊறியவர்கள். ஒருத்தர்கூட அதை மாற்றிப் பார்க்கவில்லை. சேதம் என்று பெயர் வைத்தாயிற்று, சேதத்தை யாராவது திருப்பிப் பார்ப்பார்களா?

கீபோர்டு சத்தம் நின்றது. "ஷபானா? லைன்ல இருக்கியா?" என்றேன்.

"ஆன்ட்டி" என்றாள். "யாரோ நிக்கிறாங்க."

லாப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அறைக்குள் வரக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்ததால், வாசற்படியிலேயே நின்று திரையை என் பக்கம் திருப்பினாள்.

மணலில் புதைந்த தூண். அதன் பக்கத்தில் உடைந்து விழுந்த ஒரு பெரிய கல். கல்லின் மேல் நீளமான வெள்ளை அங்கி போட்ட ஒரு மனிதர். படம் பிடிக்க ரொம்ப நேரம் ஆகியிருக்கிறது, அவரால் அசையாமல் நிற்க முடியவில்லை. அங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடி, மெல்லிய திரை போல் படிந்திருந்தது. தோள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கீழே வெறும் பாதங்கள் இரண்டும், விரல் எண்ணலாம் போல, அப்படியே தெளிவாக இருந்தன. பாதத்தை மட்டும் அவர் அசைக்கவில்லை. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை வானம்.

நம் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் தூண் எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக உள்ளூர்க்காரர் ஒருவரைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்துவார்கள். அளவுகோலுக்குப் பதில் ஆள். இவரையும் அப்படித்தான் நிறுத்தியிருக்க வேண்டும். வெயிலோ, கால் வலியோ, அவர் அசைந்துவிட்டார். படம் எடுத்தவருக்குப் பிடித்திருக்காது. வானத்துக்கு மை பூசும்போது இவரையும் சேர்த்து மறைக்கலாம் என்று தலையிலிருந்து ஆரம்பித்து, எப்படியும் பிரிண்ட் போட்டால் ஓரத்தை வெட்டித்தானே விடப்போகிறோம் என்று கழுத்தோடு நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. இது என் ஊகம்தான். அப்புறம் அட்டை வந்து மிச்ச உடம்பையும் மூடியது. கடைசியில் நாங்கள் வந்து அவரைக் கறை என்று எழுத இருந்தோம்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது உங்கள் சாஃப்ட்வேர்களில் எல்லாம் கறையைத் தானே கண்டுபிடித்து அழித்துவிடும் பட்டன் இருக்கிறதாமே. நல்ல வசதிதான், நான் குறை சொல்லவில்லை. அந்தப் பட்டனை மட்டும் அன்றைக்கு யாராவது தட்டியிருந்தால் அந்த மனிதர் திரையில் வந்திருக்கவே மாட்டார். ஷபானா குடும்பம் ஊருக்கு பிளேன் ஏறியிருக்கும்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் திரையைப் பார்த்தார், நெகட்டிவைப் பார்த்தார், வாசற்படியில் நின்ற ஷபானாவைப் பார்த்தார். பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உள்ளே வா" என்றார் ஷபானாவிடம். அவள் வரவில்லை. "கை கழுவல, இன்னைக்கு ஒண்ணும் ஈரம் இல்ல" என்று ஆங்கிலத்தில் சொல்லி உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினாள். மேனேஜர் முகம் சிவந்து போனது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்ஷூரன்ஸ் ஆளை மேனேஜரே பார்த்துக்கொண்டார். ஹெச்ஆர்தான் லேசில் விடவில்லை. செய்யாத தப்பைச் செய்தேன் என்று ஒருத்தர் ஏன் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது அநியாயமில்லை. ஆனால் நான் அன்றைக்கு நியாயமாகப் பேசும் மனநிலையில் இல்லை. "நேர்மையான பெண் ஒருத்தியைப் பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்தால் அவள் எழுதுவாள். பொய் சொல்லத் தெரிந்தவள் என்றால் எழுதியிருக்க மாட்டாள்" என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். மெயிலைத் திரும்பப் பெற்றதாகப் பதிவானது. ஷபானாவின் வேலை தப்பியது, அப்ளிகேஷன் தப்பியது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆகவில்லை. அடுத்த வாரம் வாஷ்ரூம் கண்ணாடியில், 'கையை நன்றாக உலர்த்திவிட்டு வேலைக்குத் திரும்பவும்' என்று ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் பொதுவாக ஒட்டியதாகச் சொன்னார். ஷபானா தொழுகையை நிறுத்தவில்லை, ஆனால் ஒளு எடுத்துவிட்டுப் பேப்பர் டவலைக் கட்டுக் கட்டாக உருவித் தேய்த்துத் தேய்த்து, முழங்கை சிவக்க வருவாள். வந்து என்னிடம் கையை நீட்டி, "காஞ்சிருச்சா பாருங்க ஆன்ட்டி" என்பாள். விளையாட்டுக்குச் சொல்வது போலத்தான் சொல்வாள். ரிப்போர்ட்டில் ஏறாத கறை அவள் மேல் ஏறிவிட்டிருந்தது. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் அதை மேனேஜரிடம் சொன்னேன். அவர் உடனே எழுந்து போய் அந்தக் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிட்டு வந்தார். ஷபானாவிடம் தனியாக ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நியூ ஜெர்சி அம்மாளுக்கு மேனேஜர் விஷயத்தைச் சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நெகட்டிவ் அவர் வீட்டு ஹாலில்தான் இருந்திருக்கிறது. "அவரை நாங்களே இத்தனை காலம் அட்டையால் மூடி வைத்திருந்தோமா?" என்று கேட்டாராம். அட்டை போடாமல், ஓரம் முழுக்கத் தெரியும்படிதான் மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் கறுப்பு வெள்ளையை மாற்றி நேராக்கிய படத்தையும் வைத்தோம். விளக்கக் குறிப்பில் கோவிலின் பெயர் இருந்தது, படம் எடுத்தவர் பெயர் இருந்தது. அவற்றுக்குக் கீழே ஷபானா ஒரு வரி சேர்த்தாள்: 'தூண் அருகே நிற்பவரின் பெயர் தெரியவில்லை.' நாங்கள் எதைப் பற்றியும் இதைவிட நேர்மையான குறிப்பு எழுதியதில்லை.

திறப்பு விழாவுக்கு அந்த அம்மாள் கைத்தடியோடு பிளேன் ஏறி வந்துவிட்டார். உள்ளே நுழைந்ததும், "அந்தப் பெண் எங்கே?" என்றுதான் கேட்டார். தொழுகை நேரம். நான் இழுத்துப் பேசிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஷபானா வேகவேகமாக வந்தாள். விருந்தாளி காத்திருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், துடைக்கக்கூட நிற்காமல் ஓடி வந்திருக்கிறாள். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. அந்த அம்மாள் கையை நீட்ட, இவள் சட்டென்று தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"சாரி, என் கை ஈரமாக இருக்கிறது."

அந்த அம்மாள் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும், காய்ந்துவிடும்" என்றார். "வா, எனக்கு அவரைக் காட்டு."

பிடித்த கையை விடாமலே இரண்டு பேரும் நடந்து போனார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. ஷபானா படத்தின் முன்னால் நின்று, நனைந்த கையோடேயே இடது ஓரத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"இவர்தான்" என்றாள்.